வள்ளத்தின் பெயர் தெரியும் தூரம்

வலது கை ஆள்காட்டி விரலின் நக இடுக்கில் ஒரு கோடு நீலப் பெயிண்ட் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தாயிற்று, சோப்பும் போட்டாயிற்று. இன்று ஆஸ்பத்திரியில் ஒரு அம்மாவின் இமையைத் திறந்து பிடிக்கக் கையை நீட்டினேன். அவர் என் விரலைப் பார்த்துவிட்டு, "என்ன மேடம், வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கியளா?" என்று கேட்டார். "இல்லம்மா, காயாத வள்ளத்தத் தொட்டுட்டேன்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. காயாத இடமாகப் பார்த்துக் கையை வைக்கிற என் ராசி உனக்குத் தெரியும்.

உன் அண்ணன் தன் மீன்பிடி வள்ளத்தைக் கரையேற்றி, ஓட்டையை அடைத்து, புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார். போன வாரம் கூப்பிட்டனுப்பினார் என்று போனேன். தின்னர் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன்னிடம் ஏதோ சொல்லத் திரும்பினேன். அடுத்த நொடியில்தான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது. மற்றதெல்லாம் ஓரளவு பழகிவிட்டது. அந்த அடுத்த நொடி மட்டும் பழகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ முதன்முதலில் என் அறைக்கு வந்ததே கண்ணாடி வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான். கண் ஆஸ்பத்திரிக்கு அதற்காக வந்தவள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். மைதானத்திலிருந்து நேராக வந்திருந்தாய். முழங்காலில் மண், தோளில் கோல்கீப்பர் கையுறைகள். "கண்ணாடி போட்டுட்டு கோல்ல நிக்க முடியாது மேடம். எழுதிக் குடுத்துராதீங்க" என்றாய். சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரை கடகடவென்று படித்தாய். பார்வை நன்றாகத்தான் இருக்கிறது, கண்ணாடி தேவையில்லை என்றேன். சந்தோஷப்படுவாய் என்று பார்த்தால் உன் முகம் செத்துப்போனது.

"அப்பம் ஏன் மேடம் எடப்பக்கம் வார பந்து மட்டும் கிட்ட வந்தப்புறம்தான் எனக்குத் தெரியுது?"

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்றாய். மாஸ்டர் பயிற்சியில் வேறொரு பெண்ணைக் கோலில் நிறுத்திப் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்றாய். பள்ளிக்கூடத்திலிருந்து கோல் கம்பங்களுக்கு நடுவில்தான் நின்றிருக்கிறாய். உனக்குத் தெரிந்த ஒரே இடம் அது. "அங்கன நிக்கலன்னா நான் யாரு மேடம்?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்கு வெட்கப்பட்டு, மேஜையில் இருந்த பிளாஸ்டிக் கண் பொம்மையை எடுத்துத் திறந்து பார்க்க ஆரம்பித்தாய். அதை உடைத்தும் வைத்தாய்.

மறுபடி உட்காரவைத்துச் சோதித்தேன். ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே கெட்டி. இரண்டும் சேர்ந்து ஒரு பொருளைப் பிடிக்க வேண்டிய இடத்தில் சுணக்கம். இடது பக்கத்து ஓரப்பார்வையும் மெத்தனம். இதை உனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "ரெண்டு மாடும் நல்ல மாடுதான். ஏர்ல பூட்டுனா ஒண்ணு பிந்துது" என்றேன். நீ சிரித்தாய். "மேடத்துக்கு ஆத்தங்கரைப் பக்கமா?" என்றாய். தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊர் என்றேன். "அதான பாத்தேன். எங்க தெரு மாடு போஸ்டர்தான் திங்கும், ஏரெல்லாம் இழுக்காது" என்றாய். போகும்போது நீ 'மேடம்' என்றாய். அடுத்த வாரமே அது 'ஏளா' ஆகிவிட்டது. கோபம் வந்தால் மட்டும் 'டாக்டரம்மா'. நான் டாக்டர் இல்லை, கண் பரிசோதிப்பவள்தான் என்று எத்தனை முறை சொன்னாலும் நீ கேட்டதில்லை.

கண்ணையும் கை காலைப் போலப் பழக்கலாம் என்றேன். அது ஆட்டத்துக்கு எவ்வளவு உதவும் என்று அடித்துச் சொல்ல முடியாது, கெடுதல் இல்லை, செய்து பாருங்கள் என்று எங்கள் பெரிய டாக்டர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். "கெடுதல் இல்லல்லா, போதும்" என்றாய்.

முதலில் அந்த மணிக்கயிறு. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று மணிகள் கோத்த வெள்ளைக் கயிறு. ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, மணியை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். பார்க்கிற மணி ஒன்றாகவே தெரிய வேண்டும். கயிறு மட்டும் இரண்டாகப் பிரிந்து, அந்த மணியில் வந்து ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போக வேண்டும். அப்படித் தெரிந்தால் இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கின்றன என்று அர்த்தம். முதல் நாள் உன் வீட்டில் இதைச் செய்தபோது, செபமாலையை மூக்கில் வைத்து நீ விளையாடுகிறாய் என்று நினைத்து உன் அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தார்கள். "மாதாவுக்கே அடுக்காதுளா!" நான் குறுக்கே விழுந்து விளக்கினேன். பாதிதான் புரிந்தது அவர்களுக்கு. பிறகு தெருவில் யார் கேட்டாலும், "எம்மவ கண்ணுக்குன்னு தனியா செபம் பண்ணுதா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு டென்னிஸ் பந்துகளில் எழுத்துகளை எழுதி வீசினேன். பிடிப்பதற்குமுன் எழுத்தைச் சொல்ல வேண்டும். கட்டைவிரல் நகத்தைப் பார்த்துவிட்டு, வெளியே நங்கூரமிட்டு நிற்கிற கப்பலைப் பார்க்க வேண்டும். மறுபடி நகம், மறுபடி கப்பல். கலங்கரை விளக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல், இடப்பக்கம் நான் காட்டுகிற விரல்களை எண்ண வேண்டும். நான் விரல்களை மாற்றி மாற்றிக் காட்டி உன்னை ஏமாற்றப் பார்ப்பேன். உனக்கு அலுப்பு வந்தால், "விரல் தெரியல, மோதிரம்தான் தெரியுது. எப்பம்ளா கல்யாணம்?" என்று பேச்சை மாற்றுவாய்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வள்ளப் பயிற்சிதான். அது நானே யோசித்தது. காலையில் மீன்பிடித்துவிட்டு வள்ளங்கள் வரிசையாகக் கரைக்கு வரும். நீ ஒரே இடத்தில் நின்று குதித்துக்கொண்டே அவற்றின் பெயரைப் படிக்க வேண்டும். உடம்பு ஆடினாலும் எழுத்து ஆடக் கூடாது. கோல்கீப்பருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நீயும் குதித்துக்கொண்டே "அந்தோணியார்! சகாய மாதா! சந்தியாகப்பர்!" என்று அடுக்கிக்கொண்டே போனாய். எனக்கே எழுத்து தெரியாத தூரத்தில் நீ சொல்லிவிடுவாய். கிட்டே வந்ததும் பார்ப்பேன், சரியாகவே இருக்கும். உன் அண்ணனின் வள்ளத்தை மட்டும் நக்கலோடு சொல்வாய். "கடல் ராணி வாரா. ராணிக்கு இருமல் கேட்டியா?" அந்த இஞ்சின் உண்மையிலேயே இருமும். என் முறை இப்படிப் பலித்துவிட்டதே என்று நான் மிதப்பில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிடம் போய்ப் பெருமையடித்ததையும் உன்னிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த மிதப்பு ஒரு காலையில் இறங்கியது. ஒரு வள்ளம் வந்துகொண்டிருந்தது. பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் 'ஜெனிபர்' என்று எனக்கே பளிச்சென்று தெரிந்தது. நீ குதித்துக்கொண்டே, "சவேரியார்!" என்றாய்.

"இன்னொரு தடவ படி" என்றேன். "சவேரியார்ளா!" என்றாய். இவள் கண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது, நம்மால்தான் ஆகிவிட்டது என்று பயந்துபோய், "எழுத்தப் பாரு!" என்று கத்தினேன். நீ குதிப்பதை நிறுத்தினாய். அப்போதுதான் எழுத்தையே பார்த்தாய். வாயில் கையை வைத்துக்கொண்டாய். "சவேரியார வித்துட்டாங்களா! வாங்குன கீழவைப்பார்க்காரங்க பேர மாத்திட்டாங்கல்லா!"

"அப்பம் இத்தன நாளும் நீ படிக்கவே இல்லையா?"

"படிக்கணுமா? வள்ளத்தப் பாத்தா தெரியாதா? அணியம் எப்படித் தூக்கியிருக்கு, இஞ்சின் எப்படிக் கத்துதுன்னு போதாதா? ஒங்க அம்மா மூஞ்சியில பேரு எழுதிப்போட்டா நீ அம்மான்னு கூப்புடுத?"

அணியம் என்றால் வள்ளத்தின் முன்மூக்கு என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கடற்கரைக்காரியிடம் வள்ளத்தின் பெயரைப் படிக்கச் சொன்ன வயல்காட்டுக்காரி நான். எனக்கு வந்த கோபத்தில் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ சிரித்த சிரிப்பில், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதன்பின் துறைமுகச் சாலைக்கு இடம் மாறினோம். வெளிமாநில லாரிகளை உனக்கு அடையாளம் தெரியாது. உப்பு மூட்டை ஏற்றிப் போகிற லாரியின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, கன்டெய்னரில் என்ன எண் என்று குதித்துக்கொண்டே படித்தாய். முதலில் தப்புத் தப்பாக. பிறகு மெல்ல மெல்லச் சரியாக. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள். நீயும் கை காட்டுவாய்.

மாஸ்டர் உன்னைப் பார்க்க ஒரே ஒரு ஆட்டம் கொடுத்தார். நான் கோலுக்குப் பின்னால் நின்றேன். எனக்குப் பந்தாட்டம் தெரியாது. எல்லாரும் பந்தைப் பார்த்தார்கள், நான் உன் தலையைப் பார்த்தேன். கார்னரிலிருந்து வந்த பந்து, கால்களின் கூட்டத்துக்குள் புகுந்து, இடப்பக்கம் தாழ்வாக வெளியே வந்தது. முன்பெல்லாம் உன் தலை திரும்பும், பிறகுதான் உடம்பு போகும், அதற்குள் பந்து உள்ளே இருக்கும். அன்று தலை அசையவே இல்லை. கை பந்துக்குப் போய்விட்டது. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மண்ணில் கிடந்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஆட்டம் முடிந்ததும் ஓடிவந்து, "பந்துல எழுதியிருந்தது தெரிஞ்சுதுளா!" என்றாய். என்ன எழுதியிருந்தது என்றேன். "யாரு கண்டா? ஆனா எழுத்து நின்னுச்சு" என்றாய். அது என் பயிற்சியா, உன் பிடிவாதமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாவட்ட அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு நீ தெருவில் நடந்ததைப் பார்த்தபோது அது தெரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அந்தச் சட்டையை இரண்டு பருவம் போட்டாய். பிறகு ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் என் அறைக்கு வந்தாய். வாசல் நிலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே வந்ததை நான் கவனித்தேன். தலைவலி என்றாய். பந்து இரண்டாக வருகிறது, எதைப் பிடிக்க என்றே தெரியவில்லை என்றாய். "பயிற்சிய விட்டுட்டேன்லா, அதான். மறுபடியும் ஆரம்பிப்போம்" என்று நீயே மருந்தும் சொன்னாய். கயிற்றை எடுத்து உன் மூக்கில் வைத்தேன்.

"கயிறு ரெண்டா தெரியுதா?"

"மணியே ரெண்டா தெரியுதுளா."

விளக்கை அடித்து உன் கண்ணுக்குள் பார்த்தேன். உள்ளே நரம்பின் முகப்பு வீங்கியிருந்தது. மூளைக்குள் அழுத்தம் ஏறினால் அப்படி வீங்கும். அதற்குக் கயிறும் கிடையாது, பந்தும் கிடையாது. "என்ன தெரியுது உள்ள?" என்று கேட்டாய். "பெரிய டாக்டர ஒருக்கா பாத்துரச் சொல்லுதேன்" என்றேன். என் குரலை நீ படித்துவிட்டாய். அன்றே டாக்டர் பார்த்தார், மறுநாள் மதுரை. தலைக்குள் கட்டி. முன்பு இருந்த கண் சுணக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அது பிறவியிலேயே பலருக்கும் இருப்பதுதான் என்று அங்கிருந்த டாக்டர் என்னிடம் பொறுமையாக விளக்கினார். நம்புகிறேன். சில நாட்களில் நம்புவதற்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து, மழித்த தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நீ வீடு திரும்பினாய். முழுதாக எடுக்க முடியவில்லை என்பது உனக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். உன் அம்மா மட்டும் உன் கண் பார்வையைப் பிடித்துக்கொண்டார்கள். கண் தெரிகிறவரை மகள் பிழைத்துக்கொள்வாள் என்று எப்படியோ மனதில் பதித்துவிட்டார்கள். நான் வரும்போதெல்லாம் வாசலில் நிறுத்தி, "அவளுக்குக் கண்ணு தெரியுதுல்லா?" என்று கேட்பார்கள்.

வேலைக்குப் போகும்முன் தினமும் வந்தேன். கரையில் நிழலாகப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உன்னை உட்காரவைப்பேன். வள்ளங்கள் வரும். குதிக்க வேண்டாம், சும்மா சொல்லு என்பேன். "அந்தோணியார். சகாய மாதா. ராணி வாரா, இருமிக்கிட்டே." ஒன்றுகூடத் தப்பாது. எழுத்தைப் படிக்காமலே நீ பெயர் சொன்ன பழைய கதை எனக்கு மறந்துபோய்விட்டதா, அல்லது மறந்தால்தான் நல்லது என்று மறந்தேனா, தெரியவில்லை. ஆஸ்பத்திரிச் சோதனைக்கு வரச் சொன்னால் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாய். நானும் வற்புறுத்தவில்லை. "வள்ளப் பேரெல்லாம் நல்லா படிக்கா, அம்மா" என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவேன். அவர்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

அன்று அந்தோணியாருக்குப் பின்னால் ஒரு வள்ளம் வந்தது. "சந்தியாகப்பர்" என்றாய். புதுப் பெயிண்ட். பச்சை எழுத்தில் 'குழந்தை இயேசு' என்று எழுதியிருந்தது. நம்மிடமிருந்து கல்லெறி தூரம்கூட இல்லை.

அந்த எழுத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "சரி" என்றேன்.

நீ என் பக்கம் முகத்தைத் திருப்பினாய். பிறகு, "பேர மாத்திட்டாங்களாளா?" என்று கேட்டாய்.

குனிந்து உன் கண்ணைப் பார்த்தேன்.

"நீ சரின்னு சொல்ல இம்புட்டு நேரம் எடுக்க மாட்டியே. ரொம்ப நாளாவே தெரியலளா. வெளிச்சம் மட்டும் தெரியுது. வார சத்தத்தக் கேட்டுத்தான் சொல்லுதேன்." என் பக்கம் கையை நீட்டினாய். கை என்னைவிட்டுச் சற்று விலகிப் போனது. நானே பிடித்துக்கொண்டேன். "அம்மாகிட்ட சொல்லிராத. நீ சொல்லுத பதிலக் கேட்டுத்தான் அவ ஒரு வாய் சோறு திங்கா."

எனக்கு உன்மேல் அப்படியொரு கோபம். கண்ணைப் படிப்பதே வேலையாக இருக்கிற என்னையே இத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறாயே என்று கோபம். மணலைப் பார்த்து அழுதேன். நீ அதையும் கேட்டுவிட்டாய். "அழுது முடிச்சிட்டியா? இப்பம் நான் டாக்டரம்மா, நீ பேசண்டு. கண்ண மூடு" என்றாய். மூடினேன். "இந்தா வருதுல்லா, யாரு?" எனக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகக் கேட்டது. "தண்ணிய அடிக்கித சத்தத்தக் கேளு. ஒரு பக்கமா அடிக்குதா? ராணிக்கு மூக்கு இடதுபக்கம் கோணல். கல்லுல முட்டினது" என்றாய். நான் தப்பாகச் சொல்லச் சொல்ல உனக்குக் கொண்டாட்டம். "ஏர்ல பூட்டுன காது" என்று பழிக்குப்பழி வாங்கினாய். அதன்பிறகு நீ படுக்கையில் விழும்வரை நமக்குத் தினமும் அதுதான் வேலை. வாசலில் உன் அம்மா கேட்கும்போது, "தெரியுதும்மா" என்று சொல்லிவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்க்காமல் போவேன்.

அந்த வருட மழைக்கு முன்னால் நீ போய்விட்டாய். உன் கைகளைச் சேர்த்துச் செபமாலையைச் சுற்றிய அம்மா, எழுந்து உள்ளே போனார்கள். ஜன்னல் கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருந்த மூன்று மணிக் கயிற்றை அவிழ்த்துக் கொண்டுவந்தார்கள். "இதுவும் அவ செபம்தான" என்று அதையும் சுற்றினார்கள். பங்குச் சாமியார் பார்த்துவிட்டுச் செபத்தைத் தொடர்ந்தார். ஆஸ்பத்திரியில் வேறு கயிறுகள் இருக்கின்றன. பிள்ளைகள் வருகிறார்கள், கோலில் நிற்கிற ஒரு பெண்ணும் வருகிறாள். அவளுக்கும் மணி ஒன்றாகத் தெரிகிறதா என்று கேட்கும்போது, பதில் வருவதற்குள் எனக்கு மூச்சு நின்று வருகிறது.

போன வாரம் உன் அண்ணன் கூப்பிட்டது இதற்குத்தான். "தங்கச்சி, ராணிங்கித பேர எடுத்துட்டு இவ பேர எழுதிட்டேன். எழுத்து நேரா இருக்கான்னு நீ பாத்துச் சொல்லு. ஒனக்குத்தான் கண்ணு வேல" என்றார். நீல எழுத்து. பெரிதாக, கொஞ்சம் கோணலாக. நேராக இருக்கிறது என்று சொன்னேன். முதல் எழுத்தில் விரலை வைத்தேன். காயவில்லை.

புதுப் பெயரோடு முதல் தடவையாக வள்ளம் கடலுக்குப் போய்விட்டு இன்று காலை திரும்பியது. ஆஸ்பத்திரிக்குப் போகும்முன் கரைக்குப் போனேன். உன் அம்மா எனக்குமுன்பே வந்து நின்றார்கள். இப்போது அவர்களுக்குத் தூரம் தெரிவதில்லை. புரை விழுந்திருக்கிறது, ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார்கள். எதிர்வெயில். கடலில் எல்லா வள்ளமும் கறுப்புப் புள்ளிகள். எழுத்து தெரிகிற தூரத்துக்கு ஒன்றும் வரவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து அந்த இருமல். தண்ணீர் ஒரு பக்கமாக அடிபடுகிற சத்தம்.

உன் பெயரைச் சொன்னேன்.

"அங்கன தெரியுதா?" என்று உன் அம்மா கேட்டார்கள்.

நான் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. "தெரியுதும்மா" என்றேன்.